நெடுநாள் துணைக்குக் காதல் கடிதம் எழுதுவது எப்படி

திருமணமான புதிதில் எழுதும் கடிதத்துக்குச் செய்தி என்று எதுவும் தேவையில்லை. ஏக்கம் ஒன்றே நான்கு பக்கத்தை நிரப்பிவிடும். முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே கடனைச் சேர்ந்து அடைத்து, பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மாறி மாறிக் கண்விழித்த பிறகு எழுத உட்காருபவருக்குத்தான் பேனா நகர மறுக்கிறது. காலையில் எழுந்தது முதல் பேசிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு எழுத்தில் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்ற தயக்கம் ஒரு பக்கம், இந்த வயதில் இதென்ன என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இரண்டையும் தாண்டுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் எப்படி எழுதக் கூடாது என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த அன்று என் மனைவிக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நிலவு, நிழல், உயிர்மூச்சு, ஏழு பிறவி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் நின்றபடியே படித்து முடித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எந்தப் பொண்டாட்டிக்கு வேணும்னாலும் குடுக்கலாமேங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அரைப் பக்கத்தில் இன்னொரு கடிதம் எழுதினேன். படுக்கப் போகும்போது நான் கழற்றி எங்காவது வைத்துவிடும் மூக்குக்கண்ணாடியை, நான் தூங்கிய பிறகு அவள் தேடியெடுத்து, துடைத்து, காம்புகளை மடக்கி, இருட்டில் நான் இடக்கையை நீட்டினால் விரல் தொடும் இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கிறாள் என்பதை, காய்ச்சலில் தூக்கம் வராமல் கண்ணை மூடிக் கிடந்த ஓர் இரவில்தான் கண்டுகொண்டேன். எத்தனை ஆண்டுகளாக இது நடந்துவருகிறது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அதை மட்டும் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனால் பத்திரப்படுத்திக்கொண்டாள். முதல் கடிதம் எங்கே போயிற்று என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஆகவே நீண்ட மணவாழ்வில் எழுதும் கடிதத்துக்கு ஒரே வேலைதான் உண்டு: உன்னை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று தெரியப்படுத்துவது. இனி வரும் குறிப்புகள் எல்லாம் அந்த ஒன்றுக்கானவை.

எழுதத் தொடங்குவதற்கு முன்

உடனே தாளை எடுக்காதீர்கள். ஒரு வாரம், யாருக்கும் சொல்லாமல், உங்கள் துணை செய்யும் சிறு செயல்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் வரும் ஓசை கேட்டதும் அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பது, நீங்கள் சொல்லும் பழைய கதையைப் பத்தாவது முறை கேட்கும்போதும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, மாத்திரை அட்டையில் அடுத்த வேளைக்கான மாத்திரைக்கு மேல் பேனாவால் புள்ளி வைப்பது என்று வார முடிவில் ஏழெட்டுச் செய்திகள் சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அடுக்கினால் அது பாராட்டுப் பத்திரம் போலாகிவிடும். பாராட்டுப் பத்திரத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. மிச்சமுள்ளவை அடுத்தடுத்த கடிதங்களுக்கு ஆகும்.

எழுதும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணநாளிலும் பிறந்தநாளிலும் கொடுக்கும் கடிதம் கடமைக்கு எழுதியதோ என்ற ஐயத்துக்கு இடம் கொடுக்கிறது. எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு புதன்கிழமையில் கிடைக்கும் கடிதத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, என்ன திடீரென்று என்ற வியப்பும் கூடுதலாகக் கிடைக்கும்.

விளியும் நடையும்

பலரும் முதல் சொல்லிலேயே தடுக்கி விழுகிறார்கள். 'அன்புள்ள' என்று தொடங்கலாம்தான், ஆனால் அந்தச் சொல்லை நாம் வங்கி மேலாளருக்கும் எழுதிப் பழகியிருக்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழக்கமில்லாத தம்பதிகள் கடிதத்தில் திடீரென்று பெயரை எழுதினால் அது அழைப்பாணை போல ஒலிக்கும். வீட்டில் எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். 'ஏங்க' என்பதும் 'இந்தாம்மா' என்பதும் நல்ல விளிகளே. அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸும் அவருடைய மனைவி அபிகேலும் 1764இல் திருமணம் செய்துகொண்டவர்கள். திருமணத்துக்கு முன்பே தொடங்கிய கடிதப் பழக்கம், பிறகு அரசியல் பணி அவர்களை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பிரித்துவைத்ததால் தொடர்ந்தது; 1762 முதல் 1801 வரை 1,100க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். அவற்றில் பலவற்றின் தொடக்கம் 'என் மிக அருமை நட்பே' என்ற பொருள்படும் விளிதான். காதலி, கண்ணே என்பவற்றைவிட அந்தச் சொல் நெடுநாள் தாங்கியிருக்கிறது.

நடையைப் பொறுத்தவரை தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். முப்பது ஆண்டுகளாகப் பேச்சுத்தமிழில் மட்டுமே பழகிய ஒருவரிடம் 'உன்னையன்றி நான் இலேன்' என்று எழுதினால் அவர் முதலில் சிரிப்பார், பிறகு உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். முழுக் கடிதத்தையும் பேச்சு நடையில் எழுதுவது சிலருக்குக் கைவராது. அப்படிப்பட்டவர்கள் எளிய எழுத்துத்தமிழில் எழுதிக்கொண்டே போய், அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் அவர் சொன்னபடியே இடையில் வைக்கலாம். நீ என்பதா நீங்கள் என்பதா என்ற கேள்விக்கும் இதுவே விடை: வாயில் வருவதை மாற்ற வேண்டாம். எழுதி முடித்ததும் தனியாக ஓர் அறையில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வரியைப் படிக்கும்போது உங்களுக்கே கூச்சமாக இருக்கிறதோ, அது பெரும்பாலும் கடன் வாங்கிய வரியாகத்தான் இருக்கும், அதை அடித்துவிடுங்கள்.

சொல்லாமல் விட்ட நன்றி

கண்ணில் பட்ட ஒரு செயலை விவரித்துவிட்டால் கடிதத்தில் பாதி முடிந்தது. மறுபாதிக்கு, கொஞ்சம் பின்னோக்கிப் போய், அப்போது சொல்லியிருக்க வேண்டிய, ஆனால் சொல்லாமல் விட்ட நன்றி ஒன்றைத் தேடுங்கள். வேலை போன காலத்தில் அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசாமல் காத்தது, உங்கள் தாயின் கடைசி நாள்களில் இரவுப்பொழுதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, தனக்குக் கிடைத்த பதவி உயர்வைக் குடும்பத்துக்காக வேண்டாம் என்று மறுத்துவிட்டு அதை ஒரு தியாகமாகச் சொல்லிக்காட்டாமலே இருந்தது போன்றவை எல்லா வீடுகளிலும் உண்டு. எழுதும்போது ஆண்டையும் இடத்தையும் அன்று நடந்ததையும் குறிப்பிட்டு எழுதுங்கள். 'எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறாய்' என்பது கணக்குப் பார்க்காமல் போடும் கையெழுத்து. படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள், ஆனால் அதே கடிதத்தில் விளக்கம் கொடுக்காதீர்கள். 'அன்று நான் அப்படிப் பேசியது தவறு' என்பதோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு 'ஏனென்றால்' என்ற சொல் வந்துவிட்டால் பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும்.

மனத்தாங்கலையும் எழுதலாம்

காதல் கடிதம் என்றால் இனிப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைப்பதை நான் ஏற்பதில்லை. ஊடலும் காமத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட மொழியில் எழுதுகிறோம். அதற்குக் கடிதத்தில் இடமில்லாமல் போகுமா? இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கிளெமென்டைன் சர்ச்சில் தம் கணவருக்கு 1940 ஜூன் 27 அன்று எழுதிய கடிதம். வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டனின் பிரதமராகி ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை, இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, அவர் சுமந்த சுமைக்கு அளவில்லை. அந்த வேளையில் அவருடைய மனைவி, உடன் பணிபுரிவோரிடமும் கீழே உள்ளவர்களிடமும் அவர் கடுமையாகவும் ஏளனமாகவும் நடந்துகொள்வதால் எல்லோருடைய வெறுப்பையும் தேடிக்கொள்ளும் ஆபத்து இருப்பதாக நெருங்கிய ஒருவர் தம்மிடம் சொன்னதை எழுதி, அவர் முன்பு இருந்த அளவுக்கு இப்போது கனிவாக இல்லை என்பதைத் தாமும் கவனித்ததாகச் சேர்த்துக்கொண்டார். இதைக் கடந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிக் கிழித்துப் போட்டதாகவும், இப்போது மறுபடி எழுதியிருப்பதாகவும் இறுதியில் ஒரு வரி வருகிறது. 1908இல் திருமணமான அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தபோதும் சீட்டு எழுதிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். 1965இல் வின்ஸ்டன் இறக்கும்வரை அந்த மணவாழ்வு நீடித்தது.

அந்தக் கிழித்துப் போட்ட முதல் பிரதியில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. கோபத்தில் எழுதியதை அன்றே கொடுக்காதீர்கள். சில நாள் கழித்து மறுபடி எழுதும்போது வசைகள் உதிர்ந்து, சொல்ல வேண்டிய குறை மட்டும் மிஞ்சும். அப்போதும் ஒரு கடிதத்துக்கு ஒரு குறைக்கு மேல் கூடாது. 'எப்போதுமே', 'ஒருநாளும்' என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பிடித்து நீக்கிவிடுங்கள். பிள்ளைகளிடம் பேசிய விதம் வருத்தியது என்றால் எந்த நாள், என்ன பேச்சு என்று எழுதுங்கள். அவருடைய குடும்பத்தாரைப் பற்றிய வரி எதுவும் அந்தத் தாளில் இருக்கவே கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் பேச்சு மறந்துபோகும், எழுத்து இழுப்பறையில் இருக்கும்.

தாள், பேனா, கொடுக்கும் முறை

கையால் எழுதுங்கள். கையெழுத்து மோசம் என்பது காரணமாகாது. அந்தக் கையெழுத்தை அவர் இத்தனை ஆண்டுகளாகப் படித்துத்தான் வருகிறார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளதைப் படிக்கும் பார்வை குறைந்திருக்கும் என்பதால் எழுத்தைப் பெரிதாக, வரிகளுக்கிடையே இடைவெளி விட்டு எழுத வேண்டும். மலிவான தாளில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளும் அமிலமும் தங்கியிருப்பதால் அது சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். அமிலம் நீக்கிய தாள் கிடைத்தால் அதில் எழுதலாம். சாதாரண ஊற்றுப்பேனா மை தண்ணீர் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். பென்சில் எழுத்து வெளிறாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

எதிரில் நின்று படிக்கச் சொல்லாதீர்கள். அவர் மட்டும் திறக்கும் இடத்தில், கைப்பையிலோ படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலோ வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். 'படித்தாயா' என்றும் கேட்க வேண்டாம். பதில் வராமல் போகலாம். எழுத வராதவர்கள் வேறு விதத்தில் பதில் தருவார்கள், அதையும் கவனித்தால் அடுத்த கடிதத்துக்குச் செய்தி கிடைத்துவிடும்.

நினைவு மங்கிய துணைக்கு எழுதுபவர்கள் முறையைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும். நான்கைந்து குறுகிய வரிகள் போதும், அவற்றை நீங்களே அருகில் உட்கார்ந்து படித்துக் காட்டலாம். 'நினைவிருக்கிறதா' என்ற கேள்வி தேர்வு வைப்பது போலாகிவிடும். 'நாம் அன்று மழையில் நனைந்தோம், நீ என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாய்' என்று நடந்ததைக் கதையாகச் சொல்லிவிட்டால், அவருக்கு நினைவு வந்தாலும் வராவிட்டாலும் கேட்க இதமாக இருக்கும். அதே கடிதத்தை மறுநாளும் படிக்கலாம்.

மறைந்துவிட்ட துணைக்கும் எழுதலாம். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் முதல் மனைவி ஆர்லீன் 1945 ஜூனில் காசநோயால் இறந்தார்; திருமணமாகி மூன்றே ஆண்டுகள். பதினாறு மாதம் கழித்து 1946 அக்டோபரில் ஃபைன்மன் அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் இட்டு ஒட்டிவைத்தார். தன் மனைவியின் புதிய முகவரி தெரியாததால் அஞ்சலில் சேர்க்கவில்லை என்று அதன் இறுதியில் எழுதியிருந்தார். 1988இல் அவர் இறந்த பிறகுதான் அந்த உறை பிரிக்கப்பட்டது.

சேர்ந்த கடிதங்களை என்ன செய்வது

மடிப்பில்தான் தாள் முதலில் கிழியும் என்பதால் விரித்தே வைக்க வேண்டும். ரப்பர் வளையம் இளகி ஒட்டிக்கொள்ளும், குண்டூசி துருப்பிடிக்கும், ஒட்டுநாடா பழுப்புக் கறை விடும், லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. வெளிச்சமும் ஈரமும் படாத ஒரு பெட்டி போதும். கைப்பேசியில் வந்த செய்திகளில் காக்க வேண்டியவை இருந்தால் அச்செடுத்து அதே பெட்டியில் வையுங்கள்.

பெட்டி யாருக்குப் போக வேண்டும் என்பதை இருவரும் உயிரோடிருக்கும்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. ஆடம்ஸ் தம்பதியின் கடிதங்கள் அவர்கள் குடும்பத்தாரால் காக்கப்பட்டு இன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவோ தமக்கும் கணவருக்கும் இடையிலான கடிதங்களை எரித்துவிட்டார், மிகச் சிலவே மிஞ்சின. இரண்டும் சரியான முடிவுகள்தான். முடிவை ஒரு வரியில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடலாம். எங்கள் பெட்டியில் என் மனைவி எழுதி ஒட்டியிருக்கும் வரி இது: "கோபத்துல எழுதின ரெண்டை மட்டும் எடுத்துட்டேன். மத்ததை யார் வேணும்னாலும் படிக்கலாம்." அந்த இரண்டும் அவள் எழுதியவையா நான் எழுதியவையா என்று நான் இன்னும் கேட்கவில்லை.