648 மீட்டர் ஓடிய கார்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார், விநாடிக்கு விநாடி 4 மீட்டர் எதிர்முடுக்கத்தில் (வேகம் குறையும் வீதத்தில்) நிற்கிறது. பிரேக் பிடித்தபின் ஓடிய தூரம் என்ன? வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும்; நான் அலகை மாற்றாமலே 72-இன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்து 648 மீட்டர் என்று எழுதிவிட்டேன். அது காரா, சரக்கு ரயிலா என்று அன்று தோன்றவில்லை! 72-ஐ 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர். தூரம் வெறும் 50 மீட்டர். அதன்பின் ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுகிறேன். அலகுகள் ஒட்டாவிட்டால் தவறு அங்கேயே பல்லைக் காட்டிவிடும்.

இன்னொரு பழக்கம் விட அதிக நாளானது. ‘5 விநாடியில் 100 மீட்டர் சென்றது, முடுக்கம் என்ன?’ என்றால், 100-இன் இருமடங்கை 5-இன் வர்க்கத்தால் வகுத்து உடனே 8 என்பேன். வண்டி ஓய்விலிருந்து புறப்பட்டதாக யார் சொன்னார்கள்? சீராக விநாடிக்கு 20 மீட்டர் சென்றிருந்தால் முடுக்கம் சுழி. சீரான முடுக்கத்தில் தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், நேரம், இடப்பெயர்ச்சி என்ற ஐந்தில் மூன்று தெரிய வேண்டும். இங்கே இருந்தவை இரண்டே. இப்போது முதலில் அந்த ஐந்தையும் ஓரத்தில் எழுதி, தெரிந்தவற்றை நிரப்புகிறேன். மூன்று தேறாவிட்டால் ‘தகவல் போதாது’ என்றே விடை எழுதுகிறேன்.