செஸ் ஆப் சொல்லும் ரேட்டிங் உண்மையா? ஆட்களோடு ஆடவிட்டுக் கண்டுபிடிப்பது எப்படி

என் டேப்லெட்டில் உள்ள செஸ் ஆப் தன் ஐந்தாவது லெவலின் ரேட்டிங், அதாவது ஆட்டப் பலத்தைச் சொல்லும் எண், 1900 என்று சொல்லிக்கொள்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்று எங்கும் போடவில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் மென்பொருளின் பலத்தைக் குறைத்து வைக்கும்போது வரும் எலோ என்ற ரேட்டிங் எண்கூட, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை வைத்து அளந்ததுதான். மதுரை புதூரில் ஞாயிறு காலை போர்டு விரிக்கும் ஆளுக்கு எதிரே அது எப்படி ஆடும்? ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: ஆட்களைப் பிடியுங்கள்

ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் உள்ள நாலைந்து பேர் வேண்டும். ஃபிடே தளத்தில் இன்றைக்கு என்ன எண் இருக்கிறதோ அதையே எடுங்கள், பழைய சான்றிதழை நம்பாதீர்கள். 2024 மார்ச்சில், 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஃபிடே ஒரேயடியாக ஏற்றியது: 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ, அதில் 40 சதவீதம். 1400 வைத்திருந்தவர் ஒரே நாளில் 1640 ஆனார்.

ஆப்பை அவ்வப்போது ஜெயிக்கக்கூடிய ஆட்களாக இருப்பது முக்கியம். என் அக்கா மகன் நாலு ஆட்டமும் தோற்றான். அதை வைத்து 'இவனைவிட ஆப் பலசாலி' என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

படி 2: நிபந்தனைகளை முன்பே எழுதுங்கள்

ஒரே டேப்லெட், ஒரே லெவல். பவர் சேவரை அணைத்துவிடுங்கள், அது ஓடினால் கருவி மெதுவாகி ஆப் சோம்பேறியாகிவிடும். ஆளுக்கு 45 நிமிடம், நகர்த்தலுக்கு 15 விநாடி கூடுதல் என்று வைத்தோம். வேக ஆட்டம் வைத்தால் அதற்கென்று தனியாக உள்ள ராபிட் ரேட்டிங்கை எடுக்க வேண்டும், அதையும் சாதாரண ரேட்டிங்கையும் கலக்கக்கூடாது. நகர்த்தியதைத் திரும்ப எடுப்பது கிடையாது. கரண்ட் போய் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். தோற்கிற நிலையில் இருப்பவரிடம் அப்புறம் போய்க் கேட்டால் நியாயம் கிடைக்காது!

படி 3: ஒரே ஆட்டத்தை மூன்று முறை எண்ணாதீர்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். செல்லூர்க்காரர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல். நாலாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தார், ஆப் வாயைப் பிளந்து தின்றது, பதினேழாவது நகர்த்தலில் அதன் ராணி மாட்டியது. இரண்டாவது ஆட்டமும் அச்சு அசல் அதேதான். மூன்றாவதும். "அண்ணே, மாத்தி ஆடுங்க" என்றேன். "மெஷினே மாத்தி ஆடலை, நான் ஏன் தம்பி மாத்தணும்?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ஒரு ஓட்டையை மூன்று தோல்வியாக எழுதினால் ஆப்பின் எண் அநியாயமாக இறங்கிவிடும். மூன்றையும் ஒன்றாக எண்ணி, ஆப்பின் ஓப்பனிங் புக்கை (தொடக்க நகர்த்தல்களை மாற்றி மாற்றி எடுத்து ஆட அதற்குள் இருக்கும் பட்டியல்) போட்டுவிட்டு, அவரை மூன்று ஆட்டம் புதிதாக ஆட வைத்தோம்.

படி 4: கணக்கு

ஐந்து பேர், தலைக்கு நாலு ஆட்டம், ஆளுக்கு இரண்டு முறை வெள்ளை. அவர்கள் ரேட்டிங் 1480, 1530, 1610, 1690, 1740. சராசரி 1610. ஆப் 11 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி. டிராவுக்கு அரைப் புள்ளி, ஆக 20-க்கு 13, அதாவது 65 சதவீதம்.

சதவீதத்தை ரேட்டிங் வித்தியாசமாக மாற்ற ஃபிடே அட்டவணை உண்டு: 50-க்கு 0, 60-க்கு 72, 65-க்கு 110, 70-க்கு 149, 75-க்கு 193. எங்களுக்கு 110. 1610-ஓடு கூட்டினால் 1720. அட்டவணை கையில் இல்லையா? வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்து, 400-ஆல் பெருக்கி, ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். 6 × 400 ÷ 20 = 120. பக்கத்தில்தான் வருகிறது.

படி 5: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்

இருபது ஆட்டம் கொஞ்சம்தான். அதே ஆப் அதே ஆட்களோடு மறுபடி ஆடினால் 65 சதவீதம் சுலபமாக 50 ஆகும், 80-ம் ஆகும். ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போட்டால், எங்கள் ஆப்பின் உண்மையான பலம் ஏறக்குறைய 1580-க்கும் 1890-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இந்த இடைவெளியைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்டம் வேண்டும், அதாவது எண்பது.

1997-இல் நியூயார்க்கில் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூ, அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3½-2½ என்று வென்றது. காஸ்பரோவ் அப்போது சுமார் 2800. இதே கணக்கில் டீப் புளூவுக்கு 2850 சொச்சம் வரும். ஆனால் நடந்தது ஆறே ஆட்டம். உலக சாம்பியனைத் தோற்கடித்தது என்பது உறுதி, 2850 என்பது உறுதியில்லை.

எங்கள் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது: 'லெவல் 5, 1720, 20 ஆட்டம், 1580 முதல் 1890 வரை.' ஆப் சொன்ன 1900 மேல் எல்லைக்கும் வெளியே நிற்கிறது. லெவல் 6-க்கு இந்த எண் செல்லாது, அதற்குத் தனியாக இருபது ஆட்டம் வேண்டும். செல்லூர்க்காரர் அடுத்த ஞாயிறே வருகிறேன் என்றிருக்கிறார், புக்கை அணைத்து வைக்கச் சொல்லி.