கார்பனில் காந்தம் தெரிந்தால் முதலில் இரும்பைத் தேடுங்கள்

கார்பன் மாதிரியைக் காந்தமானியில் வைத்ததும் அறை வெப்பநிலையிலேயே ஹிஸ்டெரிசிஸ் வளையம் (புலத்தை நீக்கிய பிறகும் காந்தம் எஞ்சுவதைக் காட்டும் வரைகோடு) விரிகிறது. மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுரை எழுத உட்காரும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் இரும்பு முழுமையாகக் காந்தமானால் சுமார் 218 இ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனின் அலகு) தரும். உங்கள் மாதிரி 10 மில்லிகிராம்; அதில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு இரும்பு கலந்திருந்தால், இரும்பு வெறும் ஒரு மைக்ரோகிராம். அதுவே 0.0002 இ.எம்.யூ. காட்டிவிடும். ஸ்க்விட் என்னும் மிக நுட்பமான காந்தமானி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடாமல் பிடிக்கும்.

இந்த இரும்பு எங்கிருந்து வருகிறது? கார்பன் நானோ குழாய் (கார்பன் அணுத் தாள் சுருண்டது போன்ற நுண்குழாய்) என்றால் கேட்கவே வேண்டாம்: அதை வளர்க்கும் வினையூக்கியே பெரும்பாலும் இரும்பு, கோபால்ட், நிக்கல்தான். அமிலத்தில் கழுவியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கார்பன் கூட்டுக்குள் மூடிக்கிடக்கும் உலோகத் துகளை அமிலம் தொடாது. ஸ்டீல் இடுக்கி இன்னொரு வழி; மாதிரியை எடுக்கும்போது அதன் நுனி உரசினாலே போதும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வளையம் பிளாஸ்டிக் இடுக்கிக்கு மாறியதும் காணாமல் போனது. அதற்குள் இரண்டு வாரம் வீணாகிவிட்டது.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் இரும்பு தெரியவில்லை என்பது பதில் ஆகாது. அந்த முறையும், எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு வரும் ஈ.டி.எஸ். என்னும் தனிம அளவீடும் இவ்வளவு குறைந்த மாசைக் காட்டா. மிகக் குறைந்த உலோகத்தையும் அளக்கும் ஐ.சி.பி. (பிளாஸ்மா) நிறமாலைமானியில் அளந்து, அந்த எண்ணைக் கட்டுரையில் போடுங்கள்.

பெரிய ஆய்வாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஃபுல்லரீனை (கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறு) அழுத்திச் சூடாக்கினால் ஏறத்தாழ 500 கெல்வின் வரை நிலைக்கும் காந்தம் கிடைக்கிறது என்று 2001இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையை, அதன் ஆசிரியர்களில் பலர் 2006இல் திரும்பப் பெற்றார்கள். இரும்புக் கார்பைடான சிமென்டைட்டின் கியூரி வெப்பநிலை (அதைத் தாண்டினால் காந்தம் மறைந்துவிடும்) ஏறக்குறைய 480 கெல்வின். இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதே எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும்.

மின் பண்புகளில் நடக்கும் தவறு வேறு வகை. நானோ குழாய் எப்படிச் சுருண்டிருக்கிறது என்று சொல்லும் இரு சுட்டெண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் அது உலோகம் என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள். (5,5) போல இரு எண்ணும் சமமான ஆர்ம்சேர் குழாய்க்கு அது சரி. (9,0) குழாயிலோ சுவரின் வளைவே சுமார் 0.08 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளியை (உலோகத்தில் இது இராது) திறந்துவிடுகிறது.

கணினியில் கிராஃபீனை (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) கணக்கிடுவோருக்கு ஒன்று. அதன் இரு ஆற்றல் பட்டைகளும் தொட்டுக்கொள்வது எலக்ட்ரான்களின் உந்த வெளியில் உள்ள கே என்னும் புள்ளியில். அந்த வெளியின் நடுப்புள்ளியான காமாவை மையமாகக் கொண்டு, கணக்குப் புள்ளிகளை அடுக்கும் 6×6 வலையில் கே இருக்கும். 4×4, 5×5 வலைகளில் இராது. அந்தப் புள்ளியையே பார்க்காத கணக்கு, இல்லாத இடைவெளியைக் காட்டும். அதை வைத்துக் கிராஃபீன் குறைகடத்தி என்று முடிவு எழுதிய வரைவுகளை நான் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு திசையிலும் மூன்றின் மடங்காக வலை போடுங்கள்.

ஸிக்ஸாக் விளிம்புள்ள கிராஃபீன் நாடாவில் இன்னொரு குழி இருக்கிறது. கோட்பாட்டின்படி ஒவ்வொரு விளிம்பிலும் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) ஒரே திசையில் நிற்கும், எதிர் விளிம்பில் நேரெதிராக. ஆகவே மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுழி. அந்தச் சுழியை மட்டும் பார்த்துக் காந்தமே இல்லை என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு அணுவின் ஸ்பினையும் தனித்தனியே பாருங்கள். கணக்கைத் தொடங்கும்போதே இரு விளிம்புகளுக்கும் எதிரெதிர் ஸ்பின் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நிரல் காந்தமற்ற தீர்விலேயே நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.