‘டெத்’, ‘டெட்’, ‘டைட்’: எதை எங்கே எழுதுவது?

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்து இப்போது கொழும்பில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, லீவு கேட்டு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள். ‘மை கிராண்ட்மதர் இஸ் டெத்’ என்றிருந்தது. அப்பாயி தவறி மூன்று நாள்கூட ஆகவில்லை. வேலையிடத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துச் சிரித்தாராம். துக்கத்தில் இருக்கிற யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டெத் என்றால் மரணம், சாவு. டை என்றால் சாவது. நடந்து முடிந்ததற்கு ‘டைட்’. டெட் என்பது உயிர் போன நிலை. ‘ஷீ டைட் ஆன் மண்டே’ சரி. ‘ஷீ இஸ் டெத்’, ‘ஷீ இஸ் டைட்’ இரண்டும் பிழை. ‘ஷீ இஸ் டெட்’ இலக்கணப்படி சரிதான், ஆனால் அப்பாயியைப் பற்றிய கடிதத்தில் வேண்டாம், ‘செத்துப்போச்சு’ என்பது மாதிரி முரடாக விழும். ‘தவறிட்டாங்க’, ‘காலமானார்’ என்று நாம் சொல்கிற இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’ இருக்கிறது. அவளுக்கு நான் திருத்திக் கொடுத்த வரி: ‘மை கிராண்ட்மதர் பாஸ்ட் அவே ஆன் மண்டே.’

நோயால் என்றால் ‘டைட் ஆஃப்’, விபத்தில் என்றால் ‘டைட் இன்’. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் காலஞ்சென்ற அப்பா. அதையே ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்று திருப்பிப் போட்டால் அப்பா வரத் தாமதம் என்றாகிவிடும். சிலர் ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதுவார்கள். எனக்கு மனசு கேட்காது. பால்மா பக்கெட்டில் திகதி முடிந்ததற்கும் அதே சொல்தானே.

படிவங்களில் மட்டும் டெத்தைத் தவிர்க்க முடியாது. மரணப் பதிவு, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுப்பது எல்லாவற்றிலும் வரும். ‘டேட் ஆஃப் டெத்’ இறந்த திகதி, ‘பிளேஸ் ஆஃப் டெத்’ இறந்த இடம், ‘காஸ் ஆஃப் டெத்’ காரணம். காரணத்தை டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பத்திரிகையில் வரும் ‘டெத் டோல்’ இறந்தவர்களின் எண்ணிக்கை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயன்கள் மண்ணுக்குள் போன பிறகு, அந்தச் சொல்லை நிதானமாக வாசிக்க எனக்கு வருவதில்லை.

நுவரெலியாவில் இறங்கினால் ‘குளிர்ல செத்துட்டேன்’ என்கிறோமே, ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘ஐ வாஸ் ஃப்ரீஸிங் டு டெத்’. பயந்தே செத்தால் ‘ஸ்கேர்ட் டு டெத்’. கூட்டாளிமாரோடு தாராளமாகப் பேசலாம். மரண வீட்டு வாசலில் மட்டும் நாக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே போனால், சரி, என்ன சொல்வது? ‘ஐ அம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும். எப்படி, எத்தனை மணிக்கு என்று துருவ வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.