கோர்ட்டில் உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறதா? பார்ப்பதும் ரத்து செய்வதும் எப்படி

வாய்தாவுக்குப் போக முடியவில்லை. காய்ச்சலாக இருக்கலாம், வெளியூர் வேலையாக இருக்கலாம், தேதியே மறந்துபோயிருக்கலாம். நாலு நாள் கழித்து ஊரிலிருந்து போன் வருகிறது: "ஸ்டேஷன்ல இருந்து வந்து உன்னை விசாரிச்சுட்டுப் போனாங்கப்பா." அதற்கப்புறம் நிறைய பேர் செய்வது, கோர்ட் இருக்கும் திசைக்கே போகாமல் இருப்பது. வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் மேஜிஸ்ட்ரேட் கோர்ட் வராண்டாவில் நின்றவன் நான். ஒரே மாதிரி வாரண்டில் தானாக வந்து நின்றவர் மதியம் வீட்டுக்குப் போனதையும், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் அன்று சாயங்காலம் ஜெயில் வண்டியில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். வழக்கு என்றாலே நடுங்குகிற, முதல் தடவை கோர்ட் படியேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளின் நடைமுறையை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில், உங்கள் பெயரில் இருப்பது எந்த வாரண்ட்?

கோர்ட்டில் இரண்டு சொல் கேட்பீர்கள்: பி.டபிள்யூ., என்.பி.டபிள்யூ. முதலாவது பிணையில் விடக்கூடிய பிடியாணை. அதில் எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஜாமீன்தாரரோடு பத்திரம் எழுத வேண்டும் என்று நடுவரே, அதாவது மேஜிஸ்ட்ரேட்டே, எழுதியிருப்பார். அந்தப் பத்திரத்தைக் கொடுத்தால் போலீசாரே உங்களை விட்டுவிடலாம். இரண்டாவது பிணையில் விட முடியாத பிடியாணை. இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் "இனி ஜாமீனே கிடையாது" என்று பயந்துவிடுகிறார்கள். அது தவறு. போலீசார் தாங்களாக விட முடியாது, கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியே ஆகவேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். நடுவர் விடலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "ஆறு மாசம் தலைமறைவா இருந்தா வாரண்ட் செத்துடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். சாகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72-ஆம் பிரிவு. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை, வாரண்ட் உயிரோடு இருக்கும். பத்து வருடப் பழைய வாரண்டில் கைதானவர்களும் உண்டு.

படி 1: வழக்கின் அடையாளத்தைத் தேடி எடுங்கள்

பழைய சம்மன், குற்றப்பத்திரிகை நகல், ஜாமீன் உத்தரவு, வக்கீல் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு என்று வீட்டில் என்ன காகிதம் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். அதில் சி.சி., எஸ்.டி.சி., பி.ஆர்.சி. என்று வழக்கின் வகையைக் காட்டும் ஏதாவது ஒரு சுருக்கெழுத்தும், எண்ணும், வருடமும் இருக்கும். செக் மோசடி வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. என்று வரும். காகிதமே இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆரின் குற்ற எண்ணும் போதும். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டு வழக்குகளுக்கு அது டி.என். என்ற எழுத்துகளில் தொடங்கும். அது கையில் இருந்தால் மற்ற எதுவும் தேவையில்லை.

படி 2: இ-கோர்ட்ஸ் தளத்தில் பாருங்கள்

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசுத் தளம், அதே பெயரில் மொபைல் செயலி. இரண்டும் இலவசம். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் வழக்கு நிலை என்ற பகுதியைத் திறந்து, மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வழக்கு தாலுகா ஊரில் நடந்தால் மாவட்டத் தலைநகர் வளாகத்தில் தேடினால் வராது. "வழக்கே இல்லையாம்" என்று நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

சி.என்.ஆர். எண்ணோ வழக்கு எண்ணோ இருந்தால் ஒரு நிமிட வேலை. எஃப்.ஐ.ஆர். எண் வைத்தும் தேடலாம். பெயரை வைத்துத் தேடுவதுதான் சிரமம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். எழிலரசன் என்ற பெயரில் வரும் ழகரத்துக்கு ஒரு இடத்தில் இசட்-ஹெச் போட்டிருப்பார்கள், இன்னொரு இடத்தில் வெறும் எல். செந்திலில் ஒரு ஹெச் கூடும், குறையும். அதனால் முழுப் பெயரை அடிக்காதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு, வருடத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். கூட்டாகச் சேர்க்கப்பட்ட வழக்கு என்றால் முதல் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் எதிரி என்பார்கள்), அதாவது ஏ1-இன், பெயரிலும் தேடுங்கள். பட்டியலில் அவர் பெயர் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நீங்கள் ஏ4-ஆக உள்ளே இருப்பீர்கள்.

படி 3: நடவடிக்கைக் குறிப்பைப் படியுங்கள்

வழக்கைத் திறந்ததும் மேலே அடுத்த வாய்தா தேதி, வழக்கின் கட்டம், எந்த கோர்ட் என்பதெல்லாம் இருக்கும். அதோடு மூடிவிடாதீர்கள், கீழே இறங்குங்கள். வழக்கு வரலாறு என்று ஒரு அட்டவணை வரும். ஒவ்வொரு வாய்தா தேதியும் நீல நிறத்தில் இருக்கும். அதைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்ற குறிப்பு திறக்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் எழுதியிருப்பார்கள். "ஏ1 ப்ரெசென்ட், ஏ2 ஆப்சென்ட், நோ ரெப்ரசென்டேஷன், இஷ்யூ என்.பி.டபிள்யூ." என்றிருந்தால், ஏ2-க்காக யாருமே எழுந்து நின்று பேசவில்லை, வாரண்ட் போட்டாகிவிட்டது என்று பொருள். "என்.பி.டபிள்யூ. பெண்டிங்" என்று அடுத்தடுத்த தேதிகளில் வந்தால், வாரண்ட் போலீசாரிடம் இருக்கிறது, இன்னும் நிறைவேறவில்லை. "என்.பி.டபிள்யூ. ரீகால்டு" என்றிருந்தால் ரத்தாகிவிட்டது. "ஸ்ப்ளிட் அப்" என்ற சொல்லைப் பார்த்தால் உங்களைப் பிரித்துத் தனி வழக்காக்கிவிட்டார்கள், எண்ணும் மாறியிருக்கும்.

எல்லாத் தேதிக்கும் குறிப்பு ஏற்றப்பட்டிருக்காது. கடைசித் தேதி காலியாக இருந்தால் வாரண்ட் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

படி 4: கோர்ட்டிலேயே உறுதி செய்யுங்கள்

இதற்கு நீங்கள் நேரில் போக வேண்டாம், வக்கீலையோ அவருடைய குமாஸ்தாவையோ அனுப்புங்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு எண்ணைச் சொன்னால் வழக்குக் கட்டைப் பார்த்துச் சொல்வார். மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பி.டபிள்யூ.வா என்.பி.டபிள்யூ.வா? எந்தத் தேதியில் போட்டது? பிரகடனம் வரை போயிருக்கிறதா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆள் கிடைக்கவே இல்லையென்றால் புதுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி பிரகடனம் செய்வார்கள். குறைந்தது 30 நாள் அவகாசத்தில் ஆஜராகச் சொல்லும் அறிவிப்பு அது. அதையும் மீறினால் சொத்தை ஜப்தி செய்ய வழி உண்டு, புதிதாக ஒரு குற்ற வழக்கும் வரலாம். அந்த நிலைக்குப் போய்விட்டால் வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் சாதாரண ரீகால் மனு மட்டும் போதாது. வக்கீலோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போனில் கேட்க 15100.

படி 5: ரீகால் மனு

வேலை நாள் காலையில் போங்கள், முடிந்தால் வாரத்தின் முதல் பாதியில். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய், ஜாமீன்தாரர் காகிதம் ஒன்று குறைந்துவிட்டால் சனி ஞாயிறு கம்பிக்குப் பின்னால் கழியக்கூடும். 10.30-க்கு கோர்ட் உட்காருவதற்கு முன்பே வக்கீல் 72(2) பிரிவில் வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்துவிடுவார். புது வக்கீல் என்றால் அவரை நியமிக்கும் வக்காலத்தும் சேரும். நீங்கள் நேரில் இருக்க வேண்டும், உங்களுக்குப் பதில் அண்ணனோ மனைவியோ நின்றால் செல்லாது. கையில் ஆதார், வராததற்கான ஆதாரக் காகிதம், கூடவே இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர்களுடைய ஆதார், போட்டோ, வீட்டு வரி ரசீது. தேவைப்படாமலும் போகலாம், ஆனாலும் அவர்கள் வராண்டாவில் தயாராக இருக்கட்டும்.

பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நில்லுங்கள். நடுவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏன் வரவில்லை?" ஒரு கொத்தனார் நினைவுக்கு வருகிறார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர், மூன்று வாய்தா தப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த அரசு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தார். விரித்தபோது மடிப்பு எல்லாம் கிழிந்து, நடுவில் ஓட்டை. நடுவர் அதை மேஜையில் சேர்த்துவைத்து முழுக்கப் படித்தார். "யார்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?" என்றார். "யாரைக் கேக்கணும்னு தெரியலைங்கய்யா" என்றார் அவர். வாரண்ட் ரத்தானது. அந்தப் பதில் உண்மையாக இருந்தது, கதை ஜோடிக்கவில்லை. பொய் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு நாளைக்கு நூறு சீட்டு பார்க்கிற கண்கள் அவை.

எல்லாருக்கும் அப்படி முடியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. செலவுத் தொகை கட்டச் சொல்லலாம், புதிதாகப் பத்திரம் எழுதச் சொல்லலாம், பல முறை தப்பியவர் என்றால் ரிமாண்ட் செய்து ஜெயிலுக்கும் அனுப்பலாம். மனு தள்ளுபடியானால் மேல் கோர்ட்டுக்குப் போகும் வழி இருக்கிறது. ஜாமீனில் வெளியே இருந்தவர் வராமல் போனால் பத்திரம் பறிமுதலாகும், கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கு நோட்டீஸ் போகும். அவருக்கு முதலில் போன் செய்து சொல்லுங்கள், நமக்காக நின்றவர் அவர்.

ஜீவனாம்ச பாக்கிக்கான வாரண்ட் வேறு மாதிரி. அதில் காரணம் சொல்வதைவிட பாக்கித் தொகையில் ஒரு பகுதியையாவது கொண்டுபோவதுதான் பேசும். சாட்சிக்கு வந்த வாரண்ட் என்றால் இவ்வளவு பயம் வேண்டாம், ஆஜராகி சாட்சி சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "உங்க பேர்ல வாரண்ட் இருக்கு, இந்த அக்கவுண்டுக்குப் பணம் போட்டா ரத்து பண்ணிடறோம்" என்று வீடியோ காலில் போலீஸ் உடையோடு ஒருவர் பேசினால் அது மோசடி. எந்த கோர்ட்டும் போனில் பணம் கேட்டு வாரண்டை ரத்து செய்யாது. துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

படி 6: ரத்தான பிறகு

இங்கேதான் பலர் அசந்துவிடுகிறார்கள். நடுவர் ரத்து என்று சொன்னதும் ஸ்டேஷனுக்குத் தானாகத் தெரிந்துவிடாது. வாரண்ட் காகிதம் அங்கே பைலிலேயே இருக்கும். மும்பையில் வழக்கறிஞர் ஒருவரை, அவர் பெயரிலான வாரண்ட் ரத்தான பிறகும், 2002 ஆகஸ்ட் 15 அன்று கைது செய்தார்கள். அந்த வழக்கில்தான் 2011-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் உடனே நிறைவேற்றும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியது. வழிகாட்டுதல் இருந்தாலும் உங்கள் பங்கை நீங்கள் செய்யுங்கள். ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள். ரத்துத் தகவல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதா என்று கோர்ட் டியூட்டி காவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நகல் கிடைத்ததும் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இன்னொன்று உங்கள் பையில். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும், நிலுவையில் உள்ள வாரண்ட் பாஸ்போர்ட்டையே மறுக்கக் காரணமாகும்.

இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி இ-கோர்ட்ஸைத் திறந்து, ரத்து என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். அடுத்த வாய்தா தேதியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நிஜமாகவே வர முடியாது என்றால், காலையிலேயே வக்கீலுக்குப் போன் செய்து ஆஜராக விலக்கு கேட்டு மனு போடச் சொல்லுங்கள். பழையவர்கள் இன்னும் 317 மனு என்பார்கள், புதுச் சட்டத்தில் அது 355.