குரோம் இழுக்கிறதா? ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன்

சேலம் ஐந்து ரோட்டில் சட்டென்று திறக்கும் பக்கம், ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம் போனதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு பிரவுசரில் இல்லை. அங்கே நின்றுகொண்டு குரோமை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் வட்டம் சுற்றத்தான் செய்யும். கூடவே கூகுள் கணக்கில் சேராமல் போனில் மட்டும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் போயிருக்கும். ரீசெட் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இழுப்பது நெட்டா, போனா, அந்த ஒரு வெப்சைட்டா, பிரவுசரா என்பதைப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் நெட்

எந்த நேரத்தில் இழுக்கிறது என்று கவனியுங்கள். காலையில் நன்றாக ஓடி, சாயங்காலம் படுத்து, நள்ளிரவு தாண்டியதும் தானாக எழுந்துகொள்கிறது என்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கிறது. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் பேக்குகள் பலவற்றில் ஒதுக்கீடு முடிந்ததும் நெட் நின்றுவிடாது. வேகம் மட்டும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் 2 எம்பி எடையுள்ள ஒரு பக்கம் முழுதாக வந்து சேர நாலு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். வாட்ஸ்ஆப்பில் எழுத்துச் செய்திகள் அப்போதும் போய்வரும் என்பதால், பழி பிரவுசர் மேல் விழுகிறது.

ஏற்காடு மலை அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே வரும். மேலே போய் நின்ற பிறகும் சில சமயம் தூரத்து டவரையே விடாமல் பிடித்திருக்கும். ஏரோபிளேன் மோடைப் போட்டு, பத்து விநாடி விட்டு எடுத்தால் புதிதாகத் தேடிப் பிடிக்கும். கோடை விழா நாட்களில் சிக்னல் கோடு நிறைந்திருந்தும் பக்கம் நகராமல் இருப்பதற்குக் காரணம் வேறு. டவர் எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். அதே டவரில் எத்தனை பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

மேல் பட்டையில் சாவிக் குறி தெரிந்தால் விபிஎன் (நெட்டை இன்னொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) ஓடுகிறது, நிறுத்திவிட்டுப் பாருங்கள். விளம்பரம் வராமல் இருக்க யாரோ சொல்லி 'பிரைவேட் டிஎன்எஸ்' (சைட்டின் பெயரை வைத்து அது இருக்கும் சர்வரைத் தேடித் தரும் சேவை) இடத்தில் ஒரு முகவரியைப் போட்டிருந்தால், அந்த சர்வர் படுத்த அன்று எந்தப் பக்கமும் திறக்காது. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். எல்லா சைட்டும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரித்தால் போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து எழுந்த பழைய போன்களில் தேதி எங்கோ போய் நிற்பதுண்டு. தேதி தவறினால் சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ பிரவுசருக்குத் தெரியும். இது ரீசெட்டில் தீராது.

இன்காக்னிட்டோ சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இழுக்கும் அதே பக்கத்தை, அதே இடத்தில் நின்று, குரோமின் இன்காக்னிட்டோ டேபில் திறந்து பாருங்கள். குக்கீ என்பது சைட் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளப் போனில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு, கேஷ் என்பது சேர்த்துவைத்த பக்கத் துண்டுகள். இன்காக்னிட்டோ இந்த இரண்டின் பழைய சரக்கையும் தொடாமல் வெறுங்கையோடு போகும். அதில் வேகமாகத் திறந்தால் சேர்ந்துபோன பழைய டேட்டாதான் காரணம். சுத்தம் செய்தால் சரியாகும். அதிலும் இழுத்தால் வேறொரு பிரவுசரில் பாருங்கள். வேறு பிரவுசரில் ஓடுகிறது என்றால் குரோமின் செட்டிங்கிலோ அப்டேட்டிலோ சிக்கல். எல்லாவற்றிலும் இழுத்தால் நெட், போன், அல்லது அந்த சைட்டே. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மாலையில் தேர்வு சைட் திணறுவதற்கும் உங்கள் போனுக்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்தில் ரீசெட் செய்து, பாதி நிரப்பிய படிவத்தையும் இழந்துவிடாதீர்கள்.

போனைப் பொறுத்தவரை மூன்று விஷயம். ஒன்று, ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் எந்த ஆப்பும் தடுமாறும். 'காலை வணக்கம்' பூப்படங்களை ஒழித்தாலே இடம் கிடைக்கும். இரண்டு, பேட்டரி சேவர் ஓடும்போது போன் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும். மூன்று, சூடு. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், பைக் ஹேண்டிலில் மாட்டி மேப் ஓட்டிய போன் தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். கவரைக் கழற்றி நிழலில் வையுங்கள். குளிரவேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அழிக்காமலே தீரும் சில கோளாறுகள்

டேப் எண்ணிக்கையைப் பாருங்கள். 99-ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டு குரோம் எண் காட்டுவதை விட்டுவிட்டு ஒரு சிரிக்கும் முகக்குறியைக் காட்டும். அந்தச் சிரிப்பு வரும்வரை விட்டவர்கள் நிறைய. 2, 3 ஜிபி ராம் உள்ள போனில் பழைய டேப்களைக் குரோம் நினைவிலிருந்து வெளியே தள்ளிவிடும். திரும்பிப் போகும்போது பக்கத்தை மறுபடி முதலிலிருந்து இறக்கும். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய் வந்தால் நிரப்பிய படிவம் காலியாகக் கிடப்பது இதனால்தான். வேண்டிய டேப்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து புக்மார்க் ஆக்கிவிட்டு எல்லாவற்றையும் மூடுங்கள்.

'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று திரையில் வந்து விழுவது வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு சைட் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது 'அலோ' அழுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போனால் அனுமதி பெற்ற சைட்டுகளின் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாத ஒவ்வொன்றையும் தடுங்கள். வைரஸ் பயத்தில் 'கிளீனர்' ஆப் போடுவது இன்னொரு சுமையை ஏற்றுவது மட்டுமே.

அதே சைட் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் சைட்' எல்லா சைட்டுக்கும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு படிவத்துக்காகப் போட்டுவிட்டு மறந்திருந்தால், அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் கம்ப்யூட்டருக்கான கனத்த வடிவத்தில்தான் வரும். வேகம் கூட்டும் தந்திரம் என்று வீடியோ பார்த்து 'ஃபிளாக்ஸ்' (குரோமின் சோதனை வசதிகள் இருக்கும்) பக்கத்தில் எதையாவது மாற்றியிருந்தால், அங்கேயே மேலே இருக்கும் 'ரீசெட் ஆல்' அழுத்தி, குரோமை மறுபடி திறந்தால் போதும்.

ஒரே ஒரு சைட் மட்டும் தகராறு செய்கிறதா? உள்ளே நுழைந்ததும் வெளியே தள்ளுகிறதா? முகவரியின் இடப்பக்கம் இருக்கும் சின்னக் குறியைத் தொட்டு, 'குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா'வில் அந்த சைட்டின் டேட்டாவை மட்டும் அழியுங்கள். மற்ற சைட்டுகளில் லாகின் அப்படியே இருக்கும்.

கேஷும் குக்கீயும்

அடுத்தது பொதுச் சுத்தம். குரோமின் மூன்று புள்ளியில் 'டெலீட் பிரவுசிங் டேட்டா'. இங்கே பலர் சறுக்கும் இடம் கால அளவு. அது பெரும்பாலும் 'கடைசி 15 நிமிடம்' என்று நிற்கும். அப்படியே அழுத்தினால் எதுவும் மாறியிருக்காது. 'ஆல் டைம்' என்று மாற்றி, முதல் சுற்றில் 'கேஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' மட்டும் டிக் செய்யுங்கள். கேஷ் போனால் எதுவும் இழப்பில்லை, ஒவ்வொரு சைட்டும் முதல் முறை திறக்கும்போது மட்டும் சற்று மெதுவாக வரும். அதனால்தான் இதை மலைக்கு மேல் போய்ச் செய்யக்கூடாது. கீழே, வைஃபையில் செய்துவிட்டு, தேவையான சைட்டுகளை ஒரு முறை திறந்து மூடிவிட்டு ஏறுங்கள். கேஷ் என்பதே மறுபடி மறுபடி இறக்காமலிருக்கச் சேர்த்துவைத்த சரக்கு. அதைத் தினமும் துடைத்தால் வேகம் கூடாது, டேட்டாதான் செலவாகும்.

தீரவில்லையென்றால் இரண்டாவது சுற்றில் குக்கீயையும் சேர்த்து அழியுங்கள். பெரும்பாலான சைட்டுகளிலிருந்து லாக் அவுட் ஆகும். 'பாஸ்வேர்ட்ஸ்' டிக்கைத் தொடாதீர்கள். சிங்க் (குரோமில் இருப்பதைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி) ஆனில் இருக்கும்போது குரோமுக்குள் இருந்து பாஸ்வேர்டையோ ஹிஸ்டரியையோ அழித்தால், அது கூகுள் கணக்கிலிருந்தும் போய், வீட்டுக் கம்ப்யூட்டரிலும் காணாமல் போகும். இதற்குப் பிறகு சொல்லும் முழு ரீசெட் போனில் இருப்பதை மட்டும்தான் அழிக்கும். கேட்க முரணாக இருக்கும், ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் சின்ன வேலையாகத் தெரியும் இந்த டிக்தான் ஆபத்து.

முழு ரீசெட்

கம்ப்யூட்டர் குரோமில் ரீசெட் என்றே ஒரு பொத்தான் உண்டு. ஆண்ட்ராய்டில் நம்பத்தக்க வழி ஆப்பின் டேட்டா முழுவதையும் அழிப்பது. முன்னேற்பாடு இல்லாமல் இறங்காதீர்கள்.

புக்மார்க் பட்டியலைத் திறந்து, கூகுள் கணக்கில் சேராமல் 'இந்தப் போனில் மட்டும்' இருப்பவை ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் புக்மார்க்கை ஃபைலாக ஏற்றுமதி செய்யும் வசதி கிடையாது, கணக்கில் சேர்ப்பதுதான் வழி. பாஸ்வேர்டுகளை அதே ஜிமெயிலில் வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ நுழைந்து, அங்கே தெரிகின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' மூலம் ஃபைலாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த ஃபைல் பூட்டில்லாத பெட்டி, யார் திறந்தாலும் எல்லாம் படிக்கும்படி கிடக்கும். வேலை முடிந்ததும் அழியுங்கள். வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள்.

இதைவிட முக்கியம் ஓடிபி. ரீசெட்டுக்குப் பிறகு பட்டா, வில்லங்கம், கரண்ட் பில், தேர்வு விண்ணப்பம் என்று எதில் நுழைந்தாலும் பதிவு செய்த மொபைல் நம்பரைக் கேட்கலாம். பதிவு செய்தது அப்பாவின் பழைய நம்பராக இருந்து, அந்த சிம் இப்போது உயிரோடு இல்லையென்றால், இதுவரை குக்கீ தயவில் நுழைந்துகொண்டிருந்தது நின்றுவிடும். நம்பரை முதலில் மாற்றுங்கள், ரீசெட் பிறகு.

இறக்கிய ஹால் டிக்கெட், பிடிஎஃப் எல்லாம் போனின் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் அப்படியே இருக்கும். குரோமுக்குள் தெரியும் பட்டியல் மட்டும் காலியாகும். ஃபைல்ஸ் ஆப்பில் தேடினால் கிடைக்கும். ஆஃப்லைனில் படிக்கச் சேமித்த பக்கங்களை நம்பாதீர்கள். வேண்டியதை பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது போனின் செட்டிங்ஸ், ஆப்ஸ், குரோம். முதலில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்'. பிறகு 'ஸ்டோரேஜ்', 'மேனேஜ் ஸ்பேஸ்', 'கிளியர் ஆல் டேட்டா'. ஒவ்வொரு கம்பெனி போனிலும் பெயர் கொஞ்சம் மாறும். சிலவற்றில் அடியில் இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொட்டால்தான் இந்தப் பட்டியல் விரியும். போனை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். குரோமைத் திறந்து கணக்கில் நுழைந்து, சிங்க் முடியும்வரை சில நிமிடம் வைஃபையில் விடுங்கள். உள்ளே நுழைந்த உடனே 'இன்னும் இழுக்கிறதே' என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த நேரம் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருக்கும். இடம், கேமரா, மைக் அனுமதிகளை ஒவ்வொரு சைட்டும் மறுபடி கேட்கும். நோட்டிஃபிகேஷனுக்கு மட்டும் இந்த முறை யோசித்து 'அலோ' கொடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், ஆப்ஸ் பக்கத்தில் குரோமின் மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. போனோடு வந்த பழைய பதிப்புக்குத் திரும்பி, டேட்டாவும் அழியும். உடனே பிளே ஸ்டோரில் அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பதிப்போடு பேங்க் சைட் பக்கம் போகவேண்டாம்.

பிரவுசரோடு சேர்ந்து மற்ற ஆப்களும் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கின்றன என்றால், பிளே ஸ்டோரில் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வை அப்டேட் செய்யுங்கள். ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி அது. 2021 மார்ச்சில் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் விழுந்தபோது குற்றவாளி அதுதான். புது அப்டேட் வந்ததும் எல்லாம் எழுந்தன.

ஃபயர்ஃபாக்ஸில் ஆட்-ஆன்கள் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் கூடுதல் வசதிகள்) உண்டு என்பதால், அழிப்பதற்கு முன் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஐபோனில் சஃபாரி என்றால், போனின் செட்டிங்ஸில் சஃபாரிக்குள் 'கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா'. ஐபோன் குரோமுக்கு ஆண்ட்ராய்டு போல 'கிளியர் டேட்டா' கிடையாது, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 8 அல்லது 9-ல் நிற்கும் போன்களுக்கு 2025-ல் வந்த குரோம் 138 தான் கடைசிப் பதிப்பு. அதற்கு மேல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். அப்படிப்பட்ட போனில் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் புதிய சைட்டுகள் திணறினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பாட்டுக் கேட்கவும் பேசவும் வைத்துக்கொண்டு, பணம் கட்டும் வேலைகளை வீட்டில் இருக்கும் புதிய போனுக்கு மாற்றிவிடுவது நல்லது.