மாடல் ரயில் படம் எடுக்கப் போனைத் தலைகீழாகத் திருப்புங்கள்

மாடல் ரயில் லேஅவுட் (தண்டவாளமும் சுற்றியுள்ள காட்சியும் சேர்ந்த குட்டி அமைப்பு) வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டப் பெரும்பாலோர் நின்றபடியே மேலிருந்து படம் எடுத்துவிடுகிறார்கள், அதில் எவ்வளவு நுணுக்கமான வேலையும் பொம்மையாகத்தான் தெரியும். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்டவாளத்தை ஒட்டி வருகிற மாதிரி வையுங்கள். எச்ஓ ஸ்கேல் என்கிற மாடல் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு என்பதால் அதில் ஒரு ஆள் கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரம்தான், கேமராவும் அந்த உயரத்தில் இருந்தால் ரயில் நிஜமாகவே நம் பக்கம் வருவது போல இருக்கும். ரொம்பக் கிட்டப் போனால் ஃபோகஸ் நழுவும், கொஞ்சம் தள்ளி எடுத்து கிராப் செய்துகொள்ளலாம்.

அப்புறம், தண்டவாளத்தைச் சுற்றி ஜல்லி ஒட்டுவதற்கு முன்னால், தண்டவாளத்தில் ஒயர் சாலிடர் செய்த இடங்களை மட்டும் பக்கத்தில் அடிஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து எடுத்து வையுங்கள். இதற்கு யாரும் லைக் போட மாட்டார்கள்தான், ஆனால் பின்னால் ஒரு பகுதிக்கு மின்சாரம் வராமல் போனால் எங்கே சுரண்டுவது என்று இந்தப் படம்தான் சொல்லும்.